திருவாசகத்துக்கும் உருகாதவர்கள்

2005 ஜூன் 30 அன்று சென்னை மியூசிக் அகாடமியில் இளையராஜாவின் 'திருவாசகம்' வெளியானது. அன்றைக்கு ஆரம்பித்த பஞ்சாயத்து இன்னும் முடிந்தபாடில்லை. முதல் குற்றச்சாட்டு, "இது சிம்பொனியே இல்லையே!" என்பது. சொன்னவர்களில் எத்தனை பேர் அதற்குமுன் ஒரு சிம்பொனியை முழுசாக உட்கார்ந்து கேட்டிருப்பார்கள் என்பது ஈசனுக்கே வெளிச்சம்.

சரி, சிம்பொனி இல்லைதான். தனிக்குரல், கோரஸ், ஆர்கெஸ்ட்ரா மூன்றையும் வைத்து சமயப் பாட்டை விரித்துச் சொல்வதற்குப் பெயர் ஆரட்டோரியோ. அட்டையில் சிம்பொனி என்று போட்டது வியாபார ஆசை, அது தப்பு. ஆனால் டப்பாவில் பெயர் தப்பாக ஒட்டியிருந்தால் உள்ளே இருக்கும் சரக்கும் கெட்டுப்போய்விடுமா?

அந்தச் சரக்கு எப்படி வந்தது என்று பாருங்கள். பின்னால் சினிமாத் தயாரிப்பாளர் யாரும் இல்லை. குமரி மாவட்டத்துக்காரரான பாதிரியார் ஜெகத் கஸ்பரின் தமிழ் மையம்தான் தயாரித்தது. புடாபெஸ்ட் சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா வாசித்தது, ஆங்கில வரிகளை ஸ்டீபன் ஷ்வார்ட்ஸ் எழுதினார். ஹீரோ கிடையாது, குத்துப்பாட்டு கிடையாது, மொத்தமே ஆறு பாட்டு. நாலு நிமிஷத்தில் முடிகிற சினிமாப் பாட்டுக்குப் பழகின காதுக்கு இது எப்படிப்பட்ட ரிஸ்க் என்று கொஞ்சம் கணக்குப் போட்டாலே தெரியும்.

அடுத்த கோஷ்டி, "சிவபெருமான் பாட்டை பாதிரியார் தயாரிப்பதா?" என்றது. திருவாசகத்தை 1900-லேயே முழுதாக ஆங்கிலத்துக்குக் கொண்டுபோன ஜி.யு.போப்பும் பாதிரியார்தானே! அவரைப் பாராட்டி மேடையில் பேசுகிறவர்களுக்கு இவர் மட்டும் ஏன் கசக்கிறார்? கோயில் பாட்டுக்கு வயலின் படை எதற்கு என்பவர்களுக்கும் ஒரு பழைய கதை இருக்கிறது. ஹாண்டெலின் 'மெசையா'வை 1743-ல் லண்டனில் பாடியபோது, பைபிள் வசனத்தை நாடகக் கொட்டகையில் பாடுவதா என்று அங்கேயும் கத்தினார்கள். ரே சார்ல்ஸ் 1950களில் சர்ச் மெட்டில் காதல் பாட்டுப் பாடியதற்கும் திட்டு விழுந்தது. அந்தப் பாணியைத்தான் இன்று 'சோல்' என்று கொண்டாடுகிறார்கள். சினிமாக்காரர் கோயில் பாட்டுக்குப் போனாலும் இங்கே அதே திட்டு.

இதெல்லாம் கூடப் பரவாயில்லை. "இது படிச்சவங்களுக்கு, சாமானியனுக்கு எதுக்கு?" என்ற வாதம்தான் எரிச்சல். கீரிப்பாறை ரப்பர் தோட்டத்தில் விடியுமுன் பால் வெட்டப் போகிறவருக்கு மாணிக்கவாசகரை யாரும் அறிமுகப்படுத்த வேண்டாம். மார்கழி பிறந்தால் கோயில் ஸ்பீக்கரில் திருவெம்பாவை தானாகக் காதில் விழும், அதுவும் திருவாசகம்தான். 'பொல்லா வினையேன்' பாட்டில் புல், புழு, மரம், பறவை என்று பிறந்து பிறந்து இளைத்த கதை வருகிறதே, அதற்கு இசை இலக்கணம் தேவையில்லை. நாள் முழுக்க உழைத்துக் களைத்த உடம்பு போதும். தேர்ந்த பாடகர்கள் கழுவித் துடைத்த குரலில் பாடியிருந்தால் அந்த இடம் வெறும் அழகாக நின்றிருக்கும். ராஜாவின் குரலில் இருக்கும் கரகரப்புதான் அதைக் கெஞ்சலாக்குகிறது. (அதே பாட்டில் ஆங்கில வரிகள் ஒட்டவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். உருகிக்கொண்டிருக்கும்போது எழுப்பிவிட்டது போல இருக்கிறது.)

கடைசியாக ரசிகர்கள். 'இசைஞானி எங்கள் உயிர்' என்பார்கள், ஆனால் சிடியை பர்மா பஜாரில் காப்பியாக வாங்குவார்கள், இல்லை என்றால் ஓசியில் இறக்கிக்கொள்வார்கள். அப்புறம், "ஏன் இவர் சினிமாவை விட்டு வெளியே அதிகம் செய்வதில்லை?" என்று அவர்களே ஆதங்கப்படுவார்கள். சினிமா இசைக்குப் படம் ஓடினால் காசு வந்துவிடும். தனி ஆல்பத்துக்குக் கேட்கிறவன் கொடுக்கும் காசைத் தவிர வேறு வரவே கிடையாது. 'வேலியன்ட்' சிம்பொனி லண்டனில் அரங்கேற 2025 மார்ச் வரை, கிட்டத்தட்ட இருபது வருஷம் ஆனது. அன்றைக்கு அத்தனை பேரும் ஸ்டேட்டஸ் போட்டார்கள். அதில் 'திருவாசகம்' சிடி வீட்டில் வைத்திருப்பவர்கள் கையைத் தூக்கட்டும் பார்க்கலாம்.