என்ன படிக்கலாம்? மருத்துவராகாமல் மருத்துவமனையில் பணி

கொல்கத்தா வாழ் தமிழ் அம்மையார் ஒருவர் சென்ற திங்கள் இப்பகுதிக்கு ஒரு கடிதம் விடுத்திருந்தார். அவருடைய மூத்த மகள் நுண்ணுயிரியலில் இளங்கலைப் பட்டம் பெற்றவள். மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வை இருமுறை எழுதியும் இடம் கிடைக்கவில்லை. இப்பொழுது மருத்துவமனை நிருவாகம் என்னும் முதுகலைப் படிப்பில் சேர விரும்புகிறாள். “டாக்டராக முடியாதவர்கள் தேடிக்கொள்ளும் ஆறுதல் படிப்பு இது என்று உறவினர் கூறுகின்றனர். என் கணவர் ஓய்வு பெற இன்னும் நான்கு ஆண்டுகளே உள்ளன. இளையவன் படிப்பும் காத்திருக்கிறது. பல இலட்சம் கடன் வாங்கி இவளைச் சேர்க்கலாமா?” என்பது அம்மையாரின் வினா.

இதில் இரண்டு வினாக்கள் பின்னிக் கிடக்கின்றன. படிப்பு மதிக்கத் தக்கதா என்பது ஒன்று; வாங்கும் கடனுக்கு ஈடாகுமா என்பது மற்றொன்று. முன்னதற்கு ஐயமின்றி விடை கூறலாம். பின்னதற்கு விடை, எந்தக் கல்விக்கூடம் என்பதைப் பொறுத்தது.

நோயாளி கண்ணுக்குத் தெரிவோர் மருத்துவரும் செவிலியரும் மட்டுமே. அவர்களுக்குப் பின்னால் சலவைக் கூடம், சமையற் கூடம், மருந்துக் கிடங்கு, பிராணவாயுக் குழாய்கள், மின்னாக்கி, மின்தூக்கி, பதிவேட்டறை, கணக்கறை, கழிவகற்றும் பிரிவு என ஒரு சிற்றூரே இயங்குகிறது. அதில் ஒரு மூலையில் நேரும் கவனக் குறைவு என்ன செய்யும் என்பதை நம் நகரத்தாருக்கு விளக்க வேண்டுவதில்லை. 2011 டிசம்பர் 9ஆம் நாள் விடியுமுன் தாக்குரியாவில் ஒரு தனியார் மருத்துவமனையின் அடித்தளத்தில் தீப்பற்றியது. வண்டிகள் நிறுத்துவதற்கென அமைந்த அவ்விடத்தில் எரியக்கூடிய பண்டங்கள் குவிக்கப்பட்டிருந்தன. நெருப்பைவிடப் புகையே மேல்மாடிகளுக்கு ஏறிப் பலரைக் கொன்றது. ஏறக்குறைய 90 பேர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் படுக்கையை விட்டு எழ இயலாத நோயாளிகள். அங்கே அன்று குறைவுற்றது மருத்துவ அறிவு அன்று. அடித்தளத்தில் எதை வைக்கலாம், எதை வைக்கலாகாது என்று நாள்தோறும் பார்த்துச் சொல்லும் கண்டிப்பு இல்லாமற் போயிற்று. அந்தக் கண்டிப்புக்கு உரியவரே நிருவாகி. இதனை ஆறுதல் படிப்பு என்று கூறும் உறவினர் ஒருமுறை தாக்குரியாவை நினைத்துக்கொள்வாராக.

இனி, நிருவாகி நாள்தோறும் செய்வது யாது? ஒரு சிறு கணக்கினால் காட்டுவது எளிது. 300 படுக்கைகள் கொண்ட மருத்துவமனை ஒன்றில் நாள்தோறும் 270 படுக்கைகள் நிறைந்திருப்பதாகக் கொள்வோம். நோயாளி ஒருவர் சராசரி 6 நாள் தங்குகிறார். அவ்வாறாயின் ஓராண்டில் 16,425 பேர் அங்கே சிகிச்சை பெறலாம். அந்த 6 நாளை 5 ஆக்கிவிட்டால் எண்ணிக்கை 19,710 ஆகும். புதிதாக ஒரு கட்டில் கூட வாங்காமல் 3,285 பேருக்குக் கூடுதலாக இடம் கிடைத்துவிடுகிறது! ஆனால் நோயாளியைக் குணமாகுமுன் வெளியேற்றி அந்த ஒரு நாளைப் பெறலாகாது, அது பாவம். குணமான பின்னும் அவர் வீணே படுத்திருக்கும் நேரத்திலிருந்து பெற வேண்டும். காலையிலேயே எடுத்த இரத்தப் பரிசோதனையின் முடிவு மாலையில் வருகிறது. வீடு செல்லலாம் என்று மருத்துவர் சொன்ன பின்னரும் சுருக்கக் குறிப்பு எழுதுவார் இல்லை. எழுதிய பின் காப்பீட்டு நிறுவனத்தின் இசைவுக்குக் காத்திருக்கிறார்கள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024 மே மாதத்தில் இதற்கு வரையறை செய்தது: ரொக்கமில்லாச் சிகிச்சைக்கான முன் இசைவை ஒரு மணி நேரத்துக்குள்ளும், வீடு திரும்புவதற்கான இறுதி இசைவை மூன்று மணி நேரத்துக்குள்ளும் காப்பீட்டார் அளிக்க வேண்டும். விதி இருந்தும், உரிய தாள்களை உரிய நேரத்தில் அனுப்ப மருத்துவமனையில் ஒருவர் வேண்டுமன்றோ? எங்கே எத்தனை நாழிகை வீணாகிறது என்று அளந்து, காரணம் கண்டு, மனம் நோகாமல் பிறரைத் திருத்துவது இப்படிப்பின் உயிர்நாடி.

மருந்துக் கிடங்கின் கணக்கு இன்னும் சுவையானது. கிடங்கில் உள்ள பண்டங்களை இரண்டு கண்களால் பார்க்கக் கற்பிக்கிறார்கள். ஒன்று விலைக் கண். சில பண்டங்களே செலவின் பெரும்பகுதியை விழுங்கும், ஆகவே அவற்றை அடிக்கடி எண்ண வேண்டும். மற்றொன்று உயிர்க் கண். இது இல்லாவிடில் நோயாளி பிழைப்பாரா என்ற கேள்வி. நம் இல்லத்தரசிகளுக்கு இது புதிதன்று. குங்குமப்பூ விலை மிகுந்தது. அது இல்லாமலும் சமையல் நடக்கும். உப்பு மலிவு, அது தீர்ந்துபோன நாளில் அடுப்பு மூட்டிப் பயன் என்ன? அவ்வாறே மூச்சுத் திணறி வருபவருக்குப் போடும் சில ஊசி மருந்துகள் விலை குறைந்தவை. கிடங்கில் அவை ஒருபோதும் தீர்ந்துபோகக் கூடாதவை.

இவ்வகையில் நாட்டுக்கே வழிகாட்டியது தமிழ்நாடு. 1994-இல் நிறுவப்பெற்ற தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அரசு மருத்துவமனைகளுக்கு வேண்டிய மருந்துகளை ஒருசேரக் கொள்முதல் செய்து, மாவட்டக் கிடங்குகளில் வைத்து, தரத்தை ஆய்வுக்கூடங்களில் சோதித்துப் பின் வழங்குகிறது. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் வங்கிக் கணக்குப் புத்தகம் போல ஒரு கையேடு உண்டு; தனக்கு ஒதுக்கிய தொகைக்குள் வேண்டிய மருந்தை அது பெற்றுக்கொள்ளும். இம்முறையைக் கண்டு பிற மாநிலங்களும் தத்தமக்குக் கழகங்கள் அமைத்துக்கொண்டன. கேரளமும் இராஜஸ்தானமும் அவற்றுள் அடங்கும். கண்டுபிடித்தது புது மருந்து அன்று. மருந்து ஏழைக்குத் தவறாமல் சென்று சேரும் வழி.

மதுரைக்கும் ஒரு சொல். அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அங்கே அறுவை மருத்துவர் ஒரு நோயாளிக்கு அறுவை செய்கையில் அடுத்த மேசையில் மற்றொருவர் ஆயத்தமாக இருப்பார். மருத்துவரின் நேரம் ஒரு நிமிடமும் வீணாகாது. ஆயத்தம் செய்வோர், சிற்றூர்களிலிருந்து வந்து அங்கேயே பயிற்சி பெற்ற இளம்பெண்கள். கட்டணம் செலுத்தக் கூடியோர் தரும் பணம், செலுத்த இயலாதோரின் சிகிச்சைக்கும் உதவுகிறது. மேசைகளை அமைத்த முறையும் கட்டணத்தை வகுத்த முறையும் நிருவாகமே. இம்முறைகளைப் பிறருக்குக் கற்பிக்கவென்றே 1992-இல் மதுரையில் ஒரு பயிற்சி நிலையமும் தொடங்கினர்.

அம்மையாரின் இரண்டாம் வினாவுக்கு வருவோம்.

இத்துறைக்கு வாயில்கள் இரண்டு. ஒன்று மருத்துவப் பட்டம் பெற்றோர்க்கு உரியது. தில்லி அனைத்திந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகம் 1960-களிலிருந்தே மருத்துவர்களுக்கு இக்கல்வியை அளித்து வருகிறது. அரசுப் பெருமருத்துவமனைகளின் கண்காணிப்பாளர் பதவி பெரும்பாலும் மருத்துவர்க்கே உரியது. ஆகவே, இந்தப் பெண் பிற்காலத்தில் அந்த நாற்காலியில் அமர்வாள் என்று எவரேனும் விளம்பரத் தாளைக் காட்டிச் சொன்னால் அதை நம்ப வேண்டா. மற்ற வாயில் எப்பட்டதாரிக்கும் திறந்தது. மருத்துவமனை நிருவாக முதுகலைப் பட்டமோ, அத்துறையைச் சிறப்புப் பாடமாகக் கொண்ட எம்.பி.ஏ. பட்டமோ பெற்றவர்கள் தனியார் மருத்துவமனைகள், அறநிலைய மருத்துவமனைகள், காப்பீட்டு நிறுவனங்கள், அரசின் சுகாதாரத் திட்டங்கள் ஆகியவற்றில் பணி பெறுகின்றனர். 2018 செப்டம்பரில் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் திட்டம் தகுதியுள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 இலட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் சிகிச்சைக்கு வகை செய்கிறது. அதன் பின்னர் காப்பீட்டுக் கோரிக்கைகளைக் கையாளத் தெரிந்தவர்க்குத் தேவை பெருகியுள்ளது. மருத்துவமனைத் தரத்துக்குச் சான்று வழங்கும் தேசிய வாரியம் 2005-இல் அமைந்த பின், தரக் கண்காணிப்பு என்றொரு தனிப்பிரிவும் வளர்ந்துவிட்டது. நுண்ணுயிரியல் படித்த பெண்ணுக்கு இது பொருத்தமான இடம். மருத்துவமனையிலேயே தொற்றிக்கொள்ளும் நோய்களைத் தடுப்பது அப்பிரிவின் தலையாய கவலைகளுள் ஒன்று. 2016-ஆம் ஆண்டுக் கழிவு விதிகளின்படி மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம் என நான்கு வகையாகக் கழிவைப் பிரிக்க வேண்டும். 48 மணி நேரத்துக்கு மேல் அதைத் தேக்கி வைக்கலாகாது. ஏன் என்று அவளுக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை; அவள்தான் பிறருக்கு விளக்குவாள். இழந்துவிட்டதாகக் கருதும் மூன்றாண்டுப் படிப்பு அங்கே கைகொடுக்கும்.

படிப்பு பெரும்பாலும் இரண்டு ஆண்டு. நோய்ப்பரவலியல், புள்ளியியல், கணக்கியல், பொருள் மேலாண்மை, மருத்துவமனைக் கட்டட அமைப்பு, சட்டம் ஆகியவை பாடங்கள். சட்டத்தைச் சிலர் வேண்டாத சுமை என்று கருதுவர். 1995-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்தின் கீழ் வந்தது. நோயாளியின் ஒப்புதல் விவரம் அறிந்து தந்த ஒப்புதலாக இருக்க வேண்டும் என்று 2008-இல் அதே மன்றம் வலியுறுத்தியது. சட்டம் அறியாத நிருவாகி, மருத்துவரையும் நோயாளியையும் ஒருங்கே இடருக்கு உள்ளாக்குவார்.

மும்பை தியோனாரில் உள்ள டாட்டா சமூக அறிவியல் கழகமும், 1984-இல் நிறுவப்பெற்ற ஜெய்ப்பூர் சுகாதார மேலாண்மை நிறுவனமும் இத்துறையில் பெயர் பெற்றவை. நம் நகரிலேயே 1932 முதல் இயங்கும் அனைத்திந்தியச் சுகாதார, பொது நலக் கழகம் உள்ளது. ஆனால் அது கற்பிப்பது பெரிதும் ஊர் முழுவதன் நலம் பற்றியது. மருத்துவமனைக்குள் பணி நாடுவோர் இவ்வேறுபாட்டை உணர்ந்து விண்ணப்பிக்க வேண்டும்.

மற்றக் கல்விக்கூடங்களைப் பொறுத்தவரை, பெற்றோர் முகம் பாராமல் கேட்க வேண்டுவன சில உண்டு. வழங்குவது பல்கலைக்கழகப் பட்டமா? ஆயின் அப்பல்கலைக்கழகம் மானியக் குழுவின் பட்டியலில் உள்ளதா? பட்டயமாயின் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் ஒப்புதல் உண்டா? பயிற்சிக்கு மாணவரை எந்த மருத்துவமனைக்கு, எத்தனை மாதம் அனுப்புகிறார்கள்? சென்ற ஆண்டு முடித்தவர்கள் இன்று எங்கே, என்ன பணியில் உள்ளனர்? கடைசி வினாவுக்கு அலுவலகத்தார் தரும் அச்சிட்ட தாளைவிட, அங்கே படித்த இருவரை நேரில் கண்டு பேசுவது நன்று. சொந்தமாக மருத்துவமனைத் தொடர்பே இல்லாமல் வாடகை மாடியில் நடக்கும் வகுப்புகளுக்கு இலட்சக்கணக்கில் கொடுப்பதைவிட அப்பணத்தை அஞ்சலகத்தில் போடலாம்.

கடனைப் பற்றி ஒளிவின்றிச் சொல்ல வேண்டும். தனியார் மருத்துவமனைகளில் தொடக்கச் சம்பளம் மிகுதியன்று. முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் மேசைப் பணியும் இரவுப் பணியும்தாம் கிடைக்கும். கடனுக்கோ படிக்கும் காலத்திலேயே வட்டி ஏறத் தொடங்கிவிடும். ஆதலின் குறைந்த கட்டணமுள்ள பல்கலைக்கழகத் துறைகளுக்கே முதலில் விண்ணப்பிக்க. 2024-இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த வித்யாலட்சுமித் திட்டத்தின்படி, பட்டியலிட்ட தரமான நிறுவனங்களில் இடம் பெறுவோர்க்கு ஈடும் பிணையாளும் இன்றிக் கடன் கிடைக்கும். தேர்ந்த நிறுவனம் அப்பட்டியலில் உள்ளதா என்று வங்கியில் கேட்டறிக. வீட்டை அடகு வைத்தாலன்றிச் சேர இயலாத இடமாயின், அவ்விடம் வேண்டா என்பதே என் கருத்து. ஓய்வு நெருங்கும் தந்தைக்கும் படிக்கக் காத்திருக்கும் தம்பிக்கும் அவ்வீடு தேவை.

நம் போன்ற குடியேறிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு நற்பேறு உண்டு. ஹௌராவிலிருந்து காட்பாடி செல்லும் வண்டிகளில் ஏறிப் பார்த்தவர்க்குத் தெரியும்: பெட்டி பெட்டியாக வங்காளத்து நோயாளிகள். 1900-இல் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒற்றைப் படுக்கையுடன் தொடங்கிய வேலூர் மருத்துவமனையை நாடிச் செல்வோர் அவர்கள். சென்னை மருத்துவமனைகளுக்கும் அவ்வாறே செல்கின்றனர். மொழி தெரியாத ஊரில், கையில் மஞ்சள் பையும் மடியில் முடிச்சுப் பணமுமாக அவர்கள் வரிசையில் நிற்கையில், வங்காளியில் “பயப்படாதீர்கள், இந்தத் தாளை அங்கே கொடுங்கள்” என்று சொல்ல ஒருவர் இருந்தால் அதன் அருமை சொல்லி முடியாது. நம் பெண்ணுக்குத் தெருவில் கற்ற வங்காளியும் வீட்டில் கற்ற தமிழும் பள்ளியில் கற்ற இந்தியும் ஆங்கிலமும் உண்டு. இப்படி நான்கு மொழி பேசும் நிருவாகி எத்தனை பேர் கிடைப்பர்? ஆனால் தமிழைப் பேச மட்டும் தெரிந்தாற் போதாது. ஒப்புதல் படிவத்தைப் படிக்கவும் எழுதவும் தெரிய வேண்டும். நம் சங்கத்து ஞாயிறு வகுப்புக்கு அவளை அனுப்பலாம், வயது தடையில்லை.

பணியின் கடுமையையும் அவள் முன்னரே அறிந்திருக்கட்டும். கட்டணச் சீட்டைக் கண்டு கொதிக்கும் உறவினர் முதலில் சீறுவது நிருவாகியிடம். இறந்தவரின் உடலைப் பெற வந்த மகனிடம் பாக்கித் தொகை பற்றிப் பேச நேரும் இரவுகளும் உண்டு. அந்நேரத்தில் என்ன சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது என்பது எந்தப் பாடநூலிலும் இல்லை. இளகிய மனம் இதற்குத் தடையன்று. இளகிய மனத்தை மறைக்கத் தெரியாமை மட்டுமே தடை.

ஆகவே அம்மையாருக்கு என் வேண்டுகோள்: விண்ணப்பம் அனுப்புமுன் உங்கள் மகளை அருகிலுள்ள அறநிலைய மருத்துவமனை ஒன்றின் புறநோயாளிப் பதிவு மேசையில், ஊதியம் வாங்காமல், பத்து நாள் உட்காரச் சொல்லுங்கள். இசைவு பெற்றுத் தரச் சங்க அன்பர் எவரேனும் முன்வருவர். பத்தாம் நாள் இரவு அவள் என்ன சொல்லுகிறாள் என்று கேட்டு எனக்கு எழுதுங்கள். அடுத்த இதழில், மருத்துவப் பதிவேடு காக்கும் பயிற்சி பற்றி வந்துள்ள மற்ற இரு கடிதங்களுக்கு விடை எழுதுவேன்.