முட்டையிடும் காலத்தில் தூண்டிலுக்கு ஓய்வு

மலேசியர்களின் விருந்துகளில் ஆவியில் வேகவைத்த சியாக்காப் மீனுக்குத் தனி இடம் உண்டு. தமிழில் கொடுவா என்றும் ஆஸ்திரேலியாவில் பாராமுண்டி என்றும் அழைக்கப்படுவது இதே மீன்தான். தூண்டிலில் சிக்கியதும் நீருக்கு மேலே துள்ளிப் போராடும் கொடுவாவைப் பிடிப்பது, தூண்டில் போடுவோர் பலருக்குப் பெருமை. ஆனால், எந்தக் காலத்தில், எந்த அளவுள்ள மீனைப் பிடிக்கலாம் என்பதில் கட்டுப்பாடு வேண்டும். இல்லாவிட்டால், பிடிப்பதற்கு மீனே இல்லாமல் போகும்.

கொடுவாவின் வாழ்க்கை வியப்புக்குரியது. பெரும்பாலான கொடுவா மீன்கள் முதலில் ஆணாக வளர்ந்து, சில ஆண்டுகளுக்குப் பின் பெண்ணாக மாறுகின்றன. எனவே, மிகப் பெரிய மீன்கள் பெரும்பாலும் பெண் மீன்களே. ஆற்று நீரில் வாழும் கொடுவாவும் முட்டையிடுவதற்கு உப்புநீரைத் தேடி முகத்துவாரத்திற்கு வருகிறது. அங்கு மீன்கள் கூட்டமாகத் திரள்வதால் அவற்றைப் பிடிப்பது எளிது. ஆபத்தும் அதில்தான் இருக்கிறது. பெரிய பெண் மீன் பல மில்லியன் முட்டைகளை இடும். அவற்றுள் மிகச் சிலவே பிழைத்து வளரும். முட்டையிட வந்த தாய்மீனைப் பிடிப்பது, விதைநெல்லைக் குத்திச் சமைப்பதற்கு ஒப்பாகும்.

இதனை உணர்ந்தே, ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலம் தன் கிழக்குக் கரையில் நவம்பர் 1 முதல் பிப்ரவரி 1 வரை கொடுவா பிடிப்பதைத் தடை செய்துள்ளது. மற்ற மாதங்களிலும், 58 சென்டிமீட்டருக்குக் குறைவான மீனையும் 120 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட மீனையும் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது. சிறிய மீன் வளர்ந்து இனப்பெருக்கம் செய்யவும் பெரிய தாய்மீன் தொடர்ந்து முட்டையிடவும் இவ்விதி வழிவிடுகிறது. குஞ்சுகளை விட்டு வளர்க்கும் சில அணைகளில் மட்டும் பருவத் தடை இல்லை. காரணம், அணையின் நன்னீரில் கொடுவா முட்டையிடுவதில்லை.

“ஒருவர் ஒரு மீனைப் பிடிப்பதால் கடல் வற்றிவிடுமா?” என்று சிலர் கேட்கலாம். ஒரு கரையில் நூறு பேர் அவ்வாறே எண்ணினால், பிடிபடுவது ஒரு மீனன்று, நூறு தாய்மீன்கள். தடைக்காலத்தில் மீனவர்களின் வருமானம் குறையும் என்பதும் மறுக்க முடியாத உண்மை. எனினும், மீன்வளம் குன்றினால் முதலில் பாதிக்கப்படுபவர்களும் அவர்களே. சில மாதப் பொறுமை பல ஆண்டுப் பிழைப்பைக் காக்கும்.

சட்டம் ஒவ்வொரு கரையிலும் காவல் நிற்க இயலாது. ஆகவே, தூண்டில் போடுவோரின் மனச்சாட்சியே சிறந்த காவல். முட்டையிடும் பருவத்தில் முகத்துவாரங்களைத் தவிர்த்தல், தவறிச் சிக்கிய மீனை ஈரக் கையால் பிடித்துத் தாமதமின்றி நீரில் விடுதல், படம் எடுப்பதற்காக அதை நெடுநேரம் தூக்கிப் பிடிக்காதிருத்தல் ஆகியவை எவருக்கும் இயலக்கூடியவை. மீன் வாங்குவோருக்கும் இதில் பங்குண்டு. சந்தையில் பண்ணைக் கொடுவா தாராளமாகக் கிடைக்கும்போது, முட்டை நிறைந்த காட்டுமீனைத் தேடி வாங்க வேண்டியதில்லை.

மீன் பிடிக்கத் தெரிவது திறமை. எப்போது பிடிக்கக் கூடாது என்று அறிந்து நடப்பது பொறுப்பு. இரண்டும் சேர்ந்தால்தான் அடுத்த தலைமுறையின் தூண்டிலிலும் கொடுவா துள்ளும்.