கறுப்பது தங்கமல்ல

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்து மளிகை வியாபாரிக்கு பாங்கு எது என்று கேட்டால், வீட்டுப் பெண்களின் கழுத்தைத்தான் காட்ட வேண்டும். தீபாவளிச் சரக்கு எடுக்க நகை அடகுக்குப் போகும். தை பிறந்தால் மீண்டு வரும். அந்த நகையைப் பற்றி நாம் கொஞ்சமாவது தெரிந்து வைத்திருக்க வேண்டாமா?

2016-ல் ஆவடியில் எங்கள் உறவினர் கடை நிழலில் ஒரு பாலிஷ்காரன் வந்து உட்கார்ந்தான். கறுத்துப்போன நான்கு சவரன் சங்கிலியை வீட்டம்மாள் கொடுத்தார். ஏதோ ஒரு நீரில் முக்கி, மஞ்சள் தண்ணீரில் அலசி, பளபளவென்று திருப்பிக் கொடுத்தான். அடுத்த மாதம் அடகுக் கடைத் தராசில் 32 கிராம் இருக்க வேண்டிய சங்கிலி 29 கிராம்தான் நின்றது. கூலி வேறு கொடுத்திருந்தார்கள்!

தங்கம் கறுப்பதே இல்லை. உலையில் உருகினாலும் காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு அது சேராது. 22 காரட் நகையில் ஆயிரத்துக்கு 916 பங்குதான் தங்கம்; மீதி செம்பு, வெள்ளி முதலியவை. கறுப்பது அந்த மீதிதான். தங்கத்துக்கும் ஆக்ஸைடு உண்டு, ஆனால் சுற்றி வளைத்துத்தான் செய்ய வேண்டும். ராஜதிராவகத்தில் கரைத்து, காரம் சேர்த்துப் படியவைத்து, பக்குவமாக உலர்த்தினால் பழுப்புத் தூளாகக் கிடைக்கும். அதுவும் சுமார் 160 டிகிரி சூட்டில் ஆக்ஸிஜனை உதறிவிட்டு மறுபடி தங்கமாகிவிடும். நம் வடைச்சட்டி எண்ணெய்க்கே அந்தச் சூடு உண்டு.

ஆகவே பாலிஷ்காரன் எடுத்தது கறுப்பை மட்டுமல்ல, தங்கத்தையும்தான். 916 முத்திரை மாற்றுக்குச் சாட்சி. குறைந்துபோன எடைக்கு அது என்ன செய்யும்?

இதில் நமக்கும் பங்கு இருக்கிறது. ராஜதிராவகம் என்பது ஹைட்ரோகுளோரிக், நைட்ரிக் என்ற இரு அமிலங்களின் கலவை. முதலாவது, நாம் குளியலறை கழுவ விற்கிறோமே, அதே ஆசிட். தனியாக அது தங்கத்தைத் தொடாது. மற்றதோடு சேர்ந்தால் கரைத்துவிடும். ஆசிட் வாங்குபவரின் பெயர், முகவரி, அளவைப் பதிவேட்டில் எழுதி, அடையாள அட்டை பார்த்துத்தான் விற்க வேண்டும் என்று 2013-லேயே உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. முகத்தில் வீசும் கொடுமையைத் தடுக்க வந்த உத்தரவு அது. நாங்களே வெகுநாள் நோட்டுப் போடாமல் பாட்டிலைத் தூக்கிக் கொடுத்தவர்கள்தான், ஒளிப்பானேன்?

முன்பின் தெரியாதவருக்கு ஆசிட் இல்லை, பாலிஷ்காரனுக்குக் கடை நிழல் இல்லை என்று அடுத்த கூட்டத்தில் முடிவெடுக்க வேண்டும். நகை மங்கினால் நம் கடையிலேயே பூந்திக்கொட்டை இருக்கிறது. ஊறவைத்த தண்ணீரில் மெதுவாகத் தேய்த்தாலே போதும்.