கடல் எழுதிய கணக்கு

ஒரு பொருளின் விலையை அறிந்தவர் அனைவரும் அதன் பயனை அறிந்தவர் ஆகார். தூத்துக்குடிக் கடற்கரை இவ்வுண்மைக்குச் சான்றாகும்.

முத்துக்குளிப்பால் புகழ்பெற்ற இக்கடற்பகுதியில் பல்லாண்டுகளாகப் பவளப்பாறைகள் வெட்டி எடுக்கப்பட்டன. கட்டடக் கல்லாகவும் சுண்ணாம்பு உற்பத்திக்கான மூலப்பொருளாகவும் அவை விற்கப்பட்டன. கரைக்கு வந்த கல்லுக்கு விலை இருந்தது. கடலடியில் அது ஆற்றிய பணிக்கு விலை இல்லை. அலையின் வேகத்தைத் தணித்ததும், மீன்குஞ்சுகளுக்குப் புகலிடம் தந்ததும், தீவுகளின் மணலைக் காத்ததும் எந்தக் கணக்கேட்டிலும் இடம்பெறவில்லை.

அக்கணக்கைப் பின்னாளில் கடலே எழுதியது. 1969இல் ஏறத்தாழ 20 எக்டேர் பரப்புடன் இருந்த வான்தீவு, 2015இல் 2 எக்டேருக்கும் குறைவாகச் சுருங்கியது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளுள் பூவரசன்பட்டியும் விலங்குசல்லியும் நீரில் மூழ்கின. 1986இல் இப்பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 2001இல் பவளங்கள் வனவுயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பைப் பெற்றன. எனினும், வான்தீவைக் காக்கக் கற்காரையால் ஆன செயற்கைப் பாறைகளைக் கடலில் இறக்க வேண்டியதாயிற்று. இயற்கை ஊதியமின்றிச் செய்த வேலையை மனிதர் பொருட்செலவில் செய்ய நேர்ந்தது.

இத்தகைய பணிகளே 'சூழல் மண்டலச் சேவைகள்' எனப்படுகின்றன. 2005இல் வெளியான ஆயிரமாண்டுச் சூழல் மண்டல மதிப்பீடு அவற்றை வழங்கல், ஒழுங்குபடுத்தல், பண்பாடு, ஆதாரம் என நான்காக வகுத்தது. மீன் வழங்கல், அலைத்தடுப்பு ஒழுங்குபடுத்தல், முத்துக்குளிப்பு மரபு பண்பாடு, ஊட்டச்சத்துகளின் சுழற்சி ஆதாரம்.

கடலுக்கு விலை குறிக்கலாமா எனச் சிலர் வினவுவர். விலை குறித்தால், பணம் செலுத்திவிட்டு அழிக்கலாம் என்னும் எண்ணம் தோன்றும் என்பது அவர்தம் அச்சம். அவ்வச்சம் நியாயமானதே. ஆயினும் மதிப்பீடு என்பது விலைச்சீட்டு அன்று. ஒரு முடிவால் யார் பெறுகிறார், யார் இழக்கிறார் என்பதை முன்கூட்டியே காட்டும் கண்ணாடி அது. பாறை வெட்டிப் பிழைத்தவரும் எளியவரே. அவருடைய மாற்றுத் தொழிலும் அக்கணக்கில் இடம்பெறுதல் வேண்டும்.

இதற்குச் சட்டம் வழிசெய்துள்ளது. 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ப் பாதுகாப்புச் சட்டம், உள்ளாட்சி அமைப்புகள் பல்லுயிர் மேலாண்மைக் குழுவை அமைக்கப் பணிக்கிறது. மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டை உருவாக்குவதும் அக்குழுவின் கடமையாகும். பார்களின் இருப்பிடத்தை அறிந்த மீனவரின் பட்டறிவு அதில் ஏறும்போதுதான் அப்பதிவேடு உயிர்பெறும்.

இது கடலுக்கு மட்டும் உரியதன்று. 2023 டிசம்பர்ப் பெருமழையில் தூத்துக்குடி நகரின் பல பகுதிகள் வெள்ளத்தில் சூழப்பட்டன. மில்லர்புரம் போன்ற குடியிருப்புகளில் ஒரு தாழ்நிலத்தை மண்ணிட்டு மேடாக்கும் முன், 'இந்நிலம் இதுவரை தாங்கிய மழைநீர் இனி எங்குச் செல்லும்?' என்னும் வினா எழவேண்டும்.

இழந்தபின் எண்ணுவது வருத்தம்; இழக்குமுன் எண்ணுவதே அறிவு.