யாருடைய அனுமதிக்காகக் காத்திருப்பது?



ஐப்பசியும் கார்த்திகையும் பிறந்துவிட்டால் வங்கக் கடலோரத்தில் வாழும் நம் குடும்பங்களில் வானிலைச் செய்திக்குத் தனி மதிப்பு வந்துவிடுகிறது. புயல் என்றதும் காற்று மணிக்கு எத்தனை கிலோமீட்டர் வேகத்தில் வீசும் என்பதைத்தான் நாம் முதலில் கேட்கிறோம். ஓடு பறக்குமா, தென்னை சாயுமா என்பதே நம் கவலை. ஆனால் வங்கக் கடலின் வரலாற்றைப் புரட்டிப் பாருங்கள். மனித உயிர்களைப் பெருந்தொகையாக வாரிக்கொண்டு போனது காற்றன்று, நீரே என்பது விளங்கும்.

புயல் வெப்பக் கடலின் பிள்ளை. கடலின் மேற்பரப்பு ஏறத்தாழ 27 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடேறியிருக்கும்போது, அதிலிருந்து எழும் நீராவி மேலே சென்று குளிர்ந்து மேகமாகிறது. அப்போது வெளிப்படும் வெப்பமே புயலுக்கு எரிபொருள். கீழே காற்றழுத்தம் குறையக் குறைய, சுற்றிலுமிருந்து காற்று விரைந்து வருகிறது. பூமி சுழல்வதால் அந்தக் காற்று நேராக வந்து சேராமல், நம் பக்கத்தில் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழல்கிறது. இப்படிச் சுழலும் காற்று தனக்கு முன்னால் கடல்நீரைத் தள்ளிக் குவித்துக்கொண்டே கரைக்கு வருகிறது. இதைப் புயலலை என்கிறோம். அலை என்று பெயரிட்டாலும், இது வந்து மோதித் திரும்பிவிடும் அலையன்று. கடலே மேடாகி ஊருக்குள் நடந்து வருவது என்பதே பொருந்தும்.

இந்த நீர் மேட்டுக்கு ஏற்ற இடம் வங்கக் கடலின் வடமுனை. அங்கே கடல் ஆழம் குறைந்தது; கரைகள் இருபுறமும் நெருங்கிப் புனல் போல் குறுகுகின்றன. தள்ளப்பட்ட நீர் பக்கவாட்டில் விலக வழியின்றி உயர்கிறது. கங்கையும் பிரம்மபுத்திராவும் கொட்டிய வண்டலால் ஆன கழிமுகத் தீவுகளோ கடல் மட்டத்திலிருந்து சில அடிகளே உயர்ந்தவை.

இதனோடு பிறைக் கணக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அமாவாசையை ஒட்டியும், பிறை பதினான்கு, பதினைந்திலும் கடலின் ஏற்றம் மற்ற நாட்களைவிட மிகுதி என்பது கடலோர மக்கள் அறிந்ததே. புயலலை அந்த ஏற்றத்தின் மீதே ஏறி வந்தால் என்னவாகும்?

1970 நவம்பர் 12ஆம் நாள் இரவு அதுதான் நிகழ்ந்தது. ரமளான் மாதத்தின் நடுப்பகுதி. நிலவு ஏறத்தாழ முழுமையடைந்திருந்தது. அன்றைய கிழக்குப் பாகிஸ்தானின் போலா தீவையும் அதைச் சுற்றிய கழிமுகத்தையும் புயல் தாக்கியது. புயல் வருகிறது என்ற செய்தி பலருக்கு எட்டியிருந்தது. ஆனால் எவ்வளவு நீர் வரும் என்பது எட்டவில்லை. ஏறி நிற்க உறுதியான கட்டடங்களும் அரிது. மூன்று லட்சம் முதல் ஐந்து லட்சம் பேர் வரை மாண்டனர் என்று கணக்கிடப்படுகிறது. வரலாறு பதிவு செய்த புயல்களில் இதைவிட அதிக உயிர்களைக் கொண்டது வேறில்லை.

1991 ஏப்ரல் 29ஆம் நாள் இரவு, ஷவ்வால் மாத முழுநிலவை ஒட்டி, சிட்டகாங் கரையில் மற்றொரு பெரும்புயல். நீர் ஆறு மீட்டர் வரை உயர்ந்தது. மாண்டவர் ஏறத்தாழ 1,38,000 பேர். இந்தக் கணக்கினுள் மற்றொரு கணக்கு இருக்கிறது. அதை ஒவ்வொரு குடும்பத் தலைவரும் கவனத்துடன் படிக்க வேண்டும். இருபது முதல் நாற்பத்து நான்கு வயதுக்குட்பட்டவர்களில், ஆண்களில் ஆயிரத்துக்கு 15 பேர் இறந்தனர். பெண்களில் ஆயிரத்துக்கு 71 பேர் இறந்தனர்.

ஏன் இந்த வேறுபாடு? கடல் ஆணென்றும் பெண்ணென்றும் பார்ப்பதில்லை. வீட்டில் கணவர் இல்லை, அவர் வந்து சொல்லட்டும் என்று காத்திருந்த பெண்கள் பலர். அந்நிய ஆண்கள் நெருக்கியடித்து நிற்கும் புகலிடத்தில் தனியிடமோ கழிப்பிடமோ இல்லையே என்று தயங்கியவர்கள் பலர். இடுப்பில் ஒரு குழந்தை, கையில் ஒரு குழந்தை என்று நீரில் தத்தளித்தவர்கள் பலர். நீச்சல் அறியாதவர்கள், நீண்ட சேலை காலைச் சுற்றிக்கொண்டவர்கள் பலர்.

இந்த இழப்புகளிலிருந்து வங்கதேசம் பாடம் கற்றது. 1972இல் தொடங்கிய புயல் ஆயத்தத் திட்டத்தின் தொண்டர்கள் கொடியேற்றியும், கைப்பிடி ஒலிபெருக்கியுடன் தெருத்தெருவாகச் சென்றும் எச்சரிக்கிறார்கள். பள்ளிவாசல் ஒலிபெருக்கிகளும் அதே செய்தியை முழங்குகின்றன. தூண்கள் மீது உயர்ந்த புகலிடங்கள் ஆயிரக்கணக்கில் எழுந்தன. அவற்றில் பெண்களுக்கென அறைகள் ஒதுக்கப்பட்டன. ஆடுமாடுகளை விட்டு வர மனமில்லாதவர்களுக்காக மண்மேடுகள் அமைக்கப்பட்டன. இன்று தொண்டர்களில் பாதிப் பேர் பெண்கள். ஒரு பெண் வந்து வாசலில் நின்று அழைக்கும்போது மற்றொரு பெண்ணுக்குத் தயக்கம் தீர்கிறது.

2020 மே 20ஆம் நாள், மீண்டும் ஒரு ரமளானில், ஆம்பன் என்ற கடும்புயல் மேற்கு வங்கத்தில் கரையேறி வங்கதேசத்தையும் தாக்கியது. கொரோனா அச்சம் நிலவிய நேரத்திலும் வங்கதேசம் இருபது லட்சத்துக்கும் மேற்பட்டோரைப் புகலிடங்களில் சேர்த்தது. அந்நாட்டில் இறந்தவர்கள் முப்பதுக்கும் குறைவு. எல்லாப் புயல்களும் ஒன்றல்ல என்பது உண்மையே. ஆயினும் லட்சங்களிலிருந்து பத்துகளுக்கு இறங்கிய இந்தக் கணக்கில் மனித முயற்சியின் பங்கு பெரிது.

இதே கடல்தான் 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை விழுங்கியது. இதே கடலின் கஜா புயல்தான் 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் பகுதியைச் சிதைத்தது. நம் கடலோர ஊர்களில் எத்தனை வீடுகளில் ஆண்கள் வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் பிழைக்கிறார்கள்! நள்ளிரவில் 'வெளியேறுங்கள்' என்று குரல் எழும்போது அந்த வீட்டுப் பெண் யாரிடம் அனுமதி கேட்பாள்? தொலைபேசிக் கம்பங்களும் கோபுரங்களும் அதற்கு முன்பே சாய்ந்திருக்கலாம்.

ஆகவே சகோதரர்களே, அனுமதியை இன்றே கொடுத்துவிடுங்கள். "எச்சரிக்கை வந்தால் என்னை எதிர்பார்க்க வேண்டாம்; பிள்ளைகளையும் உம்மாவையும் அழைத்துக்கொண்டு முதல் ஆளாகப் புறப்படு" என்று தெளிவாகச் சொல்லிவையுங்கள். ஜமாஅத் நிர்வாகிகள் புகலிடமாகும் பள்ளிக்கூடத்தையும் மண்டபத்தையும் மழைக்கு முன்பே சென்று பார்த்து, பெண்களுக்குத் தனியறையும் கழிப்பிடமும் குடிநீரும் உண்டா என்று உறுதி செய்யட்டும். சகோதரிகளே, குடும்ப அட்டை, பத்திரங்கள், கடவுச்சீட்டு, மருந்துகள் ஆகியவற்றை நீர் புகாத ஒரு பையில் எப்போதும் ஆயத்தமாக வையுங்கள்.

மற்றொன்றும் நினைவிருக்கட்டும். கிழக்கு நோக்கிய கரையில் புயல் கடக்கும் இடத்துக்கு வடக்கேதான் காற்று கடலிலிருந்து நிலத்துக்கு வீசி நீரை ஏற்றுகிறது. "புயல் தெற்கே போகிறது, நமக்கில்லை" என்ற ஆறுதல் பொய்யாகலாம். அன்று பிறை எத்தனை என்று சுவரிலுள்ள நாட்காட்டியையும் ஒருமுறை பாருங்கள்.

'இறைவன் விட்ட வழி' என்று கதவைச் சாத்திக்கொண்டு அமர்வது தவக்குல் ஆகாது. ஒட்டகத்தை முதலில் கட்ட வேண்டும் என்பது நம் மதரஸாப் பிள்ளைகளுக்கும் தெரிந்த பாடம். கடலோர வீட்டுக்கு அந்தக் கயிறு, உரிய நேரத்தில் எடுத்துவைக்கும் காலடியே.