தொழிலாளிக்கு எதற்கு உல்லாசப் பயணம்?

தீபாவளி நெருங்கினால் கோவை வட்டாரத்தில் இரண்டு பேச்சுக்கள் அடிபடும். ஒன்று, போனஸ் எத்தனை சதவிகிதம் என்பது. இன்னொன்று, போனஸ் வந்ததும் எங்கே போவது என்பது. பஞ்சாலை லைன் வீடுகளிலும், திருப்பூர் பனியன் கம்பெனி வாசல் டீக்கடைகளிலும் இளந்தொழிலாளர்கள் கூடிக் கூடிப் பேசுகிறார்கள். பழனியும் ஊட்டியும் அவர்களுக்குப் பழைய கதை. "ஏனுங்கண்ணா, பெங்களூர் போயி எம்.ஜி. ரோடு, பிரிகேட் ரோடெல்லாம் ராத்திரியில பாத்துப்போட்டு வரலாமுங்களா?" என்பதுதான் இப்போதைய திட்டம்.

இதைக் கேட்டு இரண்டு தரப்பார் முகம் சுளிக்கிறார்கள். முதல் தரப்பு முதலாளிகள். "பார்த்தீர்களா, போனஸைக் கூட்டிக் கொடுத்தால் இவர்கள் செய்வது இதுதான்" என்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகள் பாங்காக்குக்கும் துபாய்க்கும் பறந்தால் அதன் பெயர் உலக அனுபவம். ஆலையில் நூல் பிணைக்கிற பையன் ரயிலேறிப் பெங்களூர் போனால் அதன் பெயர் ஊதாரித்தனம்! இந்த நியாயத்துக்குப் பதில் சொல்லி நேரத்தை வீணாக்க வேண்டியதில்லை.

இரண்டாம் தரப்பு நம்மவர்கள். வயதில் மூத்த தோழர்கள். "உழைக்கிறவனுக்கு அந்த ஆட்டமும் வெளிச்சமும் எதற்கு? சங்கத்துக்குச் சந்தா கொடுக்க மனம் வராதவன், அங்கே போய்க் கரைக்கிறானே!" என்று வருத்தப்படுகிறார்கள். அவர்களுடைய கவலை நேர்மையானது. ஆனால் அவர்கள் எடுக்கும் முடிவு தவறானது என்பதே நம் கருத்து.

இரவு நேரத்துச் சந்தோஷம் உழைக்கும் ஜனங்களுக்கு அந்நியமா? ஒரு நாளும் இல்லை. பகல் பொழுது பண்ணையாருக்குச் சொந்தம். ஆகவே கூலிக்காரனின் சந்தோஷம் இரவில்தான் நடந்தது. மாரியம்மன் நோம்பிக்குக் கம்பம் நட்டால் ஊரே விடிய விடிய ஆடியது. பொன்னர் சங்கர் கதையை உடுக்கடித்துப் பாடினால் கிழக்கு வெளுக்கிற வரை ஜனங்கள் எழுந்திருக்கமாட்டார்கள். கோவை நகரிலே சாமிக்கண்ணு வின்சென்ட் 1914-ல் வெரைட்டி ஹால் கொட்டகையைக் கட்டினார். பின்னாளில் நகரத்துக் கொட்டகைகளின் இரண்டாம் ஆட்டத்துக்குத் தரை டிக்கெட் எடுத்து உட்கார்ந்தவர்கள் யார்? மில் தொழிலாளிகள்தானே! இரவின் மகிழ்ச்சி நமக்குப் புதிதல்ல. அது எப்போது நம் கையைவிட்டுப் போயிற்று என்பதுதான் கேள்வி.

அதற்கு விடை மின்சார விளக்கில் இருக்கிறது.

பெங்களூரின் வெளிச்சம் எங்கிருந்து வந்தது? காவிரியின் சிவசமுத்திர வீழ்ச்சியில் 1902-ல் மின்சாரம் எடுத்தார்கள். ஊருக்கு விளக்குப் போடவா? இல்லை, கோலார் தங்கச் சுரங்க யந்திரங்களை ஓட்டுவதற்கு! பெங்களூர் நகரத்து விளக்குகளுக்கு அந்த மின்சாரம் 1905-ல்தான் வந்தது. அந்தச் சுரங்கத்தில் இறங்கி வேலை செய்தவர்களில் வட ஆற்காடு போன்ற ஜில்லாக்களிலிருந்து போன தமிழ்க் கூலிகள், அதிலும் தாழ்த்தப்பட்ட மக்கள், ஏராளம். தங்கம் வெள்ளைக்காரக் கம்பெனிக்குப் போயிற்று; தூசி அவர்கள் நெஞ்சுக்குள் போயிற்று. 2001-ல் சுரங்கமும் மூடப்பட்டது.

இன்று நம் பையன்கள் பார்க்க ஆசைப்படும் எம்.ஜி. ரோடு, அன்று சவுத் பரேட். 1809-ல் வெள்ளையர் அமைத்த கண்டோன்மெண்டில் அவர்கள் உலாவிய வீதி அது. மகாத்மா காந்தியின் பெயர் 1948-ல் வந்தது. அந்தக் கண்டோன்மெண்டில் வீடு கட்டவும், சமைக்கவும், துணி வெளுக்கவும் தமிழ் ஜனங்கள் போய்ச் சேர்ந்தார்கள். ஆக, அந்த வீதி நமக்கு அந்நிய வீதி அல்ல. நம்மைப் போன்றவர்களின் வியர்வையில் எழுந்த வீதி.

நம் ஊரைப் பாருங்கள். 1930-களில் பைக்காரா மின்சாரம் கோவைக்கு வந்தது. மில்கள் பெருகின. விளக்கு வந்ததும் தொழிலாளிக்குக் கிடைத்தது என்ன? இரவு ஷிப்ட்! ஒரே மின்சாரம்தான். வசதியுள்ளவனுக்கு அது இரவைப் பகலாக்கி உல்லாசம் தந்தது. இல்லாதவனுக்கு இரவைப் பகலாக்கி வேலை தந்தது. உடுக்கடி கேட்ட இரவு கதிர் சுற்றுகிற இரவாயிற்று. "போகாதே" என்று பையனைத் தடுக்கும் தோழர்கள் இதை யோசிக்கவேண்டும். பறிபோன இரவில் ஒன்றைத் திரும்பக் கேட்கிறான் அவன். அதைத் தவறு என்று சொல்ல நமக்கு என்ன நியாயம் இருக்கிறது?

சரி, போகவேண்டும் என்றால் முதலில் எது வேண்டும்? பணம் என்பீர்கள். இல்லை, லீவு வேண்டும். சம்பளத்தோடு லீவு வேண்டும். 1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம் வருஷத்தில் 240 நாள் வேலை செய்தவனுக்கு 20 நாளுக்கு ஒரு நாள் சம்பள லீவு என்று சொல்லிற்று. 2025 நவம்பரில் அமுலுக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பில் அந்த 240 நாள் 180 ஆகியிருக்கிறது. ஏட்டில் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கான்டிராக்ட்காரன் சில மாதத்துக்கு ஒரு முறை பெயரை வெட்டி மறுபடி எழுதினால் எந்தக் கணக்கில் 180 நாள் சேரும்? அப்ரண்டிஸ் என்று சேர்த்துக்கொண்டு முழு வேலையும் வாங்கினால் லீவுப் புத்தகத்தில் அவன் பெயர் எங்கே வரும்? காட்டில் களை வெட்டும் கூலிக்காரருக்கு இந்த ஏட்டு நியாயம்கூடக் கிடையாது. ஒரு நாள் வீட்டில் இருந்தால் அன்றைய அடுப்பு எரியாது.

இன்னொன்றையும் மறக்கக்கூடாது. 2023 ஏப்ரல் 21-ல் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிசெய்யும் மசோதா நம் சட்டசபையிலேயே நிறைவேறிற்று. தொழிற்சங்கங்கள் எல்லாம் எழுந்து நின்றன. மே தினத்தன்று அது வாபஸ் என்று முதலமைச்சர் அறிவித்தார். எழுந்து நிற்காவிட்டால் என்ன ஆகியிருக்கும்? பன்னிரண்டு மணி நேரம் வேலை செய்து வருகிறவனுக்கு ஊர் சுற்றுவது இருக்கட்டும். தன் குழந்தை விழித்திருக்கையில் முகம் பார்க்கவும் நேரம் கிடைக்காது.

இனிப் பெண்களின் விஷயம். பயணத் திட்டம் போடும் பையன்களின் பேச்சில் ஓர் அக்காவோ தங்கச்சியோ இருக்கிறாளா? இல்லை. நம் வட்டார நூற்பாலைகளில் வேலை செய்கிறவர்களில் இளம்பெண்கள் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும். சென்ற கால் நூற்றாண்டில் 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில் மூன்று வருஷம் விடுதியில் அடைத்து வேலை வாங்கி, முடிவில் கல்யாணத்துக்கு ஒரு தொகை என்று ஆசை காட்டினார்கள். பெயர் மாறினாலும், இன்றும் பல விடுதிகளில் வார்டன் அனுமதியில்லாமல் வாசலைத் தாண்ட முடியாது. ஒரிஸாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்த பெண்கள் கோவையில் வேலை செய்கிறார்கள். ஆனால் கோவையைப் பார்த்ததில்லை!

பெண்கள் இரவு ஏழு மணிக்குப் பிறகு ஆலையில் வேலை செய்யக்கூடாது என்று பழைய சட்டம் சொல்லிற்று. 2000-ம் வருஷம் டிசம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் பாதுகாப்பு நிபந்தனைகளோடு அந்தத் தடையை நீக்கிற்று. அதன்பின் முதலாளிகள் இரவு ஷிப்டுக்குத் தாராளமாகப் பெண்களை அழைக்கிறார்கள். நாம் கேட்கிறோம்: இரவு ஷிப்டுக்குப் பெண் ஆவாள், இரவு வீதிக்குப் பெண் ஆகமாட்டாளா? யந்திரத்துக்கு முன்னால் போகாத மானம் காந்திபுரத்தில் நின்று ஐஸ்கிரீம் சாப்பிட்டால் போய்விடுமா?

கோவையை "தென்னிந்தியாவின் மான்செஸ்டர்" என்று பெருமையாகச் சொல்கிறோம். அந்த அசல் மான்செஸ்டரைச் சுற்றியிருந்த பஞ்சாலைத் தொழிலாளிகள் என்ன செய்தார்கள் என்று தெரிந்துகொள்வது நல்லது. லங்காஷயரில் கோடைகாலத்தில் ஊருக்கு ஒரு வாரம் ஆலைகளை மூடுவார்கள். தொழிலாளிகள் குடும்பத்தோடு ரயிலேறி பிளாக்பூல் என்ற கடற்கரை நகரத்துக்குப் போவார்கள். 1879-லேயே மின்சார விளக்குகளைக் கடற்கரையில் எரியவிட்ட ஊர் அது. கூத்தும் நடனமும் கேளிக்கையும் நிறைந்த ஊர். பணத்துக்கு என்ன செய்தார்கள்? வருஷம் முழுவதும் வாராவாரம் சில காசுகளைப் பயணச் சீட்டுப் போட்டுச் சேர்த்தார்கள். ஆனால் அந்த வாரத்துக்குச் சம்பளம் கிடையாது. சம்பளத்தோடு விடுமுறை என்பதற்கு 1938-ல்தான் அங்கே சட்டம் வந்தது. பிரான்சில் 1936 ஜூன் மாதம் லட்சக்கணக்கானவர்கள் வேலை நிறுத்தம் செய்ததன் பலனாக இரண்டு வாரச் சம்பள லீவு கிடைத்தது. ரயில் கட்டணச் சலுகையும் வந்தது. கடலையே பாராத தொழிலாளிகள் அந்த வருஷம்தான் முதல் முறையாகக் கடலைப் பார்த்தார்கள். லீவு என்பது எந்த நாட்டிலும் எவனும் இரங்கிப் போட்ட பிச்சையல்ல.

ஆகவே பயணம் போக நினைக்கும் இளந்தோழர்களுக்கு நாம் சொல்வது இதுதான்: போங்கள், ஆனால் தொழிலாளியாகப் போங்கள்.

கந்து வட்டிக்கு வாங்கிக்கொண்டு போகாதீர்கள். இரண்டு நாள் வெளிச்சத்துக்கு இரண்டு வருஷ இருட்டு வேண்டாம். பத்துப் பேர் சேருங்கள். ஆளுக்கு வாரம் 50 ரூபாய் போட்டால் 40 வாரத்தில் 20,000 ரூபாய் சேரும். தலைக்கு 2,000. இரவு ரயிலில் போய்ச் சிக்கனமாகப் பார்த்துவிட்டு வரலாம். அந்த வீதியில் நடப்பதற்குக் காசில்லை, உட்கார்ந்தால்தான் காசு. அங்கே உட்காரச் சொல்லிக் கூப்பிடுகிறவன் விற்கும் சரக்கு பெரும்பாலும் குடிதான். இங்கே டாஸ்மாக்கில் கரைவதை அங்கே நாலு மடங்கு விலை கொடுத்துக் கரைக்க ரயில் டிக்கெட் எதற்கு?

பெண்களிடம் மரியாதையாக இருங்கள். 2016 டிசம்பர் 31 இரவில், அதே எம்.ஜி. ரோட்டிலும் பிரிகேட் ரோட்டிலும் புத்தாண்டுக் கூட்டத்தில் பெண்களுக்கு நேர்ந்த தொல்லைகளை நாடே படித்தது. தன் தங்கை வீதிக்கு வரும் உரிமையைக் கேட்கிற தொழிலாளி, இன்னொருத்தியின் தங்கை மேல் இடித்துக்கொண்டு நடக்கமாட்டான்.

பாட்டுக் கேளுங்கள், விளக்கைப் பாருங்கள், சிரியுங்கள். அதோடு, கடைகளெல்லாம் மூடிய பிறகும் கொஞ்சம் நின்று பாருங்கள். தட்டுக் கழுவுகிறவன், வாசலில் கால் கடுக்க நிற்கும் காவல்காரன், விடியுமுன் வீதி கூட்ட வரும் பெண்கள் எல்லோரும் நம்மவர்கள். அந்தத் துப்புரவுத் தொழிலாளர்கள் 2022 ஜூலையில் விளக்குமாற்றைக் கீழே வைத்து வேலை நிறுத்தம் செய்தபோது அந்தப் பளபளப்பு நகரம் திணறிற்று. வீதியின் அழகு யார் கையில் இருக்கிறது என்று அன்றைக்குத் தெரிந்தது.

மூத்த தோழர்களுக்கும் ஒரு வார்த்தை. 1923 மே 1-ல் சிங்காரவேலர் மே தினத்தைக் கொண்டாடியது எங்கே? ஊரார் காற்று வாங்க வரும் சென்னைக் கடற்கரையில்! இன்று மே முதல் தேதி சம்பளத்தோடு விடுமுறை நாள். பையன் கேட்கும் பயணத்தைக் கேலி செய்யாமல், சங்கமே பயணச் சீட்டு நடத்தட்டும். அதில் கான்டிராக்ட் தொழிலாளியும், அப்ரண்டிஸும், காட்டு வேலைக் கூலியும், விடுதிப் பெண்ணும் இருக்கட்டும். "எனக்கு லீவு இல்லையே" என்று யாராவது சொன்னால், சங்கத்தின் அடுத்த கோரிக்கை அங்கேயே பிறந்துவிடும். "வார்டன் விடமாட்டாங்க" என்று ஒரு பெண் சொன்னால், அந்த வாசலைத் திறக்கும் போராட்டமும் பிறந்துவிடும்.

சம்பள லீவைக் கணக்கில் ஏற்று! காட்டு வேலைக் கூலிக்கும் வாரத்தில் ஒரு நாள் கூலியோடு ஓய்வு கொடு! விடுதிக் கதவைத் திற! உல்லாசப் பயணத்தின் முதல் டிக்கெட் இந்த மூன்றும்தான். அதை எடுத்துக்கொண்டு ரயிலேறுவோம், தோழர்களே.