கைப்பதம் மறவேல்!

பச்சிலைக் கலவைமேல் பிரெஞ்சு மக்கள் ஊற்றியுண்ணும் புளிச்சாறு ‘வினெகிரெட்’ எனப்பெறும். புளித்த கொடிமுந்திரிக்கள் என்னும் பொருளுடைய சொல்லே அப்பெயர்க்கு வேர். ஒலிவ எண்ணெய் 3 பங்கு, புளிக்காடி 1 பங்கு, அரைத்த கடுகும் உப்பும் சிறிதளவு. இவற்றை நன்கு அடித்துக் கலந்தால் முடிந்தது வேலை! எண்ணெயும் காடியும் தாமே ஒட்டா. கடுகே அவற்றைச் சிறிதுநேரம் பிணைத்து நிறுத்துகிறது.

இத்துணை எளிய செயலையும் ஆலைக்கு ஒப்படைத்துவிட்டுப் புட்டிக்குக் காசு கொடுப்பது அறிவுடைமையோ? புட்டிச்சாறு பிரியாதிருக்கப் பிசின் சேர்ப்பர். பலவற்றில் சருக்கரையும் கலப்பர். வீட்டில் கலந்தது விரைவில் பிரியும். அது குறையன்று, பிசின் கலவாமைக்குச் சான்று. பிரிந்தால் மீண்டும் குலுக்குக!

கை மறந்த பதத்தை நாளடைவில் நாவும் மறக்கும். ஆதலின் உண்பார் தாமே கலந்துண்க!